ஏர் ரைஃபிளுக்குக் கட்டுப்படியாகும் ஸ்கோப்: தேர்வு செய்வதிலிருந்து ஜீரோ பிடிப்பது வரை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஏர் ரைஃபிள் வாங்குபவர்களில் பலர் அடுத்துத் தேடுவது ஸ்கோப்தான். கடையிலும் இணையத்திலும் கண்ணில் படுவதெல்லாம் “எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்” என்ற ஒரே எண். அதைப் பார்த்து வாங்கிய ஸ்கோப் சில நூறு பெல்லட்டுக்குள் குறி கலைந்து போகும், இல்லையென்றால் பத்து மீட்டரில் மங்கலாகத் தெரியும். பத்து முதல் முப்பது மீட்டருக்குள் அட்டையில் சுட்டுப் பழகுபவர்களுக்கு உருப்பெருக்கத்தை விட முக்கியமானவை மூன்று: ஸ்பிரிங் அதிர்ச்சியைத் தாங்கும் உடல், அருகில் இருக்கும் இலக்குக்கு ஒத்த குவியம், ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் நழுவாத மவுண்ட். பணத்தை அங்கே போடுங்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முந்தைய படியின் விடை தெரியாமல் அடுத்ததை முடிவு செய்ய முடியாது.

1. ஸ்கோப் உங்களுக்கு வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஸ்கோப் வாங்காதீர்கள். பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கு இடமில்லை. பீப் சைட் என்னும் துளைக் குறிதான். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோர் இதை முன்பே தெரிந்துகொண்டால் ஒரு செலவு மிச்சம்.

துப்பாக்கியோடு வந்த சாதாரணக் குறியில் பத்து மீட்டரில் ஐந்து பெல்லட்டையும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் போட வராதவருக்கு ஸ்கோப் உதவாது. பிடிமானத்திலும் விசை இழுப்பிலும் உள்ள தவறை அது பெரிதாக்கிக் காட்டும், திருத்தாது. ஒரு டப்பா பெல்லட் சாதாரணக் குறியிலேயே தீரட்டும்.

சட்டத்தையும் இங்கேயே முடித்துக்கொள்வோம். ஆயுத விதிகள் 2016-ன்படி 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேல் துளை உள்ளதும், 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ளதும் உரிமம் கேட்கும். வாங்கிய ரசீதில் இந்த இரண்டு விவரமும் எழுதியிருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ஓசூரிலிருந்து ஜூஜுவாடி வழியாக எல்லை தாண்டினாலும், தொப்பூர்க் கணவாய் வழியாக இறங்கினாலும், துப்பாக்கி உறைக்குள் இருக்கட்டும், ரசீதின் நகல் அதனுடன் இருக்கட்டும்.

தோட்டத்து மயிலையும் குரங்கையும் காட்டுப்பன்றியையும் விரட்ட ஸ்கோப் கேட்பவர்கள் நம் பக்கம் நிறைய. மாந்தோப்பிலும் கடலைக் காட்டிலும் ஏற்படும் நட்டம் உண்மையானதுதான். ஆனால் ஏர் ரைஃபிள் அதற்கான வழி அல்ல. பெல்லட் பன்றியைக் கொல்லாது. காயத்தோடு அலையவிட்டு, நாள் கணக்கில் வதைக்கும். வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் காவேரி வடக்கு வனவுயிர் சரணாலயத்துக்குள் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைவதே குற்றம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டி நிலம் உள்ளவர்கள் பயிற்சி இடத்தை ஊருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. இந்த வழிகாட்டி அட்டைக்கும் தகரக் குறிக்கும் மட்டும்.

2. துப்பாக்கியின் வகையையும் ரெயிலையும் குறித்துக்கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் இரண்டு விவரம் தாளில் இருக்க வேண்டும்.

ஒன்று, அது எதனால் இயங்குகிறது என்பது. குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரகமும், ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு தள்ளும் கேஸ் ரேம் ரகமும் ஸ்கோப்புக்கு எமன். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் நின்றதும் துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கும். வெடிமருந்துத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப் பின்னோக்கிய உதையைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. எதிர்த்திசை வெட்டில் உள்ளே இருக்கும் வில்லையும், கிராஸ் ஹேர் என்னும் குறுக்குக் கோட்டுக் குறியும் தளர்ந்துவிடும். விலை உயர்ந்த ஸ்கோப்பும் இதில் போகும். ஆகவே பெட்டியிலோ கையேட்டிலோ “ஏர் கன்”, “ஸ்பிரிங்கர்” என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது. அடைத்த காற்றில் இயங்கும் பிசிபி ரகத்தில் உதை மிகக் குறைவு. அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டு, துப்பாக்கியின் மேல் மவுண்ட் அமரும் ரெயிலின் அகலம். பெரும்பாலான ஏர் ரைஃபிளில் 11 மி.மீ. டவ்டெய்ல் காடிதான் இருக்கும். ஸ்கோப்போடு இலவசமாக வரும் மவுண்ட் பல நேரம் 20 மி.மீ. பிக்காட்டினி ரகமாக இருக்கும், அது பிடிக்காது. வெர்னியர் இருந்தால் அளந்துவிடுங்கள். ரெயிலின் பின்கோடியில் மேலே ஒரு சிறு குழியோ, நிறுத்துக் கட்டையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்தாம் படியில் அது தேவைப்படும்.

3. தூரத்தை அளந்து, பாரலாக்ஸை முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

சுடப்போகும் இடத்தை டேப் வைத்து அளங்கள். மாடிக்கு மாடி பத்து மீட்டர், வீட்டுப் பின்புறம் பதினைந்து, தோப்பில் இருபத்தைந்து என்று ஏதாவது வரும். கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் கூடுதலாகத்தான் சொல்வோம்.

ஸ்கோப்புக்குள் இலக்கின் பிம்பமும் கிராஸ் ஹேரும் ஒரே தளத்தில் விழுந்தால், கண் சற்று நகர்ந்தாலும் குறி நகராது. ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டும்தான் அப்படி விழும். சாதாரண மலிவு ஸ்கோப்பில் அந்தத் தூரம் ஆலையிலேயே ஏறக்குறைய 100 மீட்டருக்குப் பூட்டப்பட்டிருக்கும். பத்து மீட்டரில் சுடுபவருக்கு அதனால் வரும் பிழையைக் கணக்கிடலாம்: முன்வில்லையின் விட்டத்தை, இரு தூரங்களின் வித்தியாசத்தால் பெருக்கி, பூட்டிய தூரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். 40 மி.மீ. வில்லை, 100 மீட்டர் பூட்டு, 10 மீட்டர் இலக்கு என்றால் 40 × 90 ÷ 200 = 18 மி.மீ. கண் ஓரத்தில் இருந்தால், கை அசையாமலேயே, குறி 18 மி.மீ. வரை தவறலாம். இதுதான் பாரலாக்ஸ் பிழை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் கறுப்பு வட்டத்தின் விட்டமே 30.5 மி.மீ.தான்.

இதற்குத் தீர்வு ஏஓ. முன்வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பித் தூரத்தை மாற்றும் அமைப்பு இது. வளையத்தில் 10 கெஜம் வரை இறங்குகிறதா என்று பாருங்கள். 10 கெஜம் என்பது 9.1 மீட்டர். 25, 50 கெஜத்தோடு நிற்பவை வீட்டுப் பயிற்சிக்கு உதவாது. பக்கவாட்டுக் குமிழில் இதே வேலையைச் செய்யும் ரகமும் உண்டு. வசதிதான், ஆனால் எடையும் விலையும் ஏறும். குறைந்த செலவுக்கு முன்வளையமே போதும்.

வளையத்தில் அச்சிட்ட எண்ணை நம்பி விடாதீர்கள், மலிவு ஸ்கோப்பில் அது பெரும்பாலும் சற்று விலகியே இருக்கும். டேப்பில் அளந்த தூரத்தில் அட்டையை வைத்து, படம் தெளியும் இடத்தில் வெள்ளை மையால் நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஏஓ வாங்க வசதி இல்லையென்றால், குறைந்த உருப்பெருக்கமும் சிறிய வில்லையும் உள்ள 4×32 வாங்கி, கன்னத்தை ஒவ்வொரு முறையும் கட்டையின் அதே இடத்தில் வைத்துப் பழகுங்கள். கண் நடுவில் இருந்தால் பிழை பூஜ்யம். முன்வில்லையைக் கழற்றித் திருகிப் பூட்டிய தூரத்தை மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். மாற்றலாம்; அதோடு உள்ளே அடைத்த நைட்ரஜன் வெளியேறும், உத்தரவாதமும் போகும். தளி, தேன்கனிக்கோட்டை மார்கழிக் காலையில் வில்லைக்கு உள்பக்கம் பனி பூத்து நிற்கும்போது துடைக்க வழி இருக்காது.

4. எத்தனை மடங்கு, எவ்வளவு பெரிய வில்லை

4×32 என்றால் நான்கு மடங்கு, 32 மி.மீ. முன்வில்லை. 3-9×40 என்றால் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றலாம். முப்பது மீட்டருக்குள் இந்த இரண்டைத் தாண்ட வேண்டியதில்லை.

50 மி.மீ. வில்லை “பிரகாசமாக” இருக்கும் என்று விற்பார்கள். விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 40 ÷ 9 = 4.4 மி.மீ. நம்மூர் வெயிலில் கண்பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். மிச்ச ஒளி கண்ணுக்குள் போகாது. பெரிய வில்லை எடையைக் கூட்டும், மவுண்டை உயர்த்தும், பாரலாக்ஸ் பிழையையும் பெரிதாக்கும்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஸ்கோப்பும் மவுண்டும் சேர்ந்து அரைக் கிலோவுக்குள் இருப்பது நல்லது. எடை கூடக் கூட ஒவ்வொரு வெட்டிலும் மவுண்ட் நழுவப் பார்க்கும்.

சிவப்பு, பச்சை ஒளிரும் கிராஸ் ஹேருக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். பகலில் அட்டையில் கறுப்புக் கோடுதான் தெளிவு. ஒளிப்புள்ளியை வைத்துக் குறி பார்க்கும் ரெட் டாட் வேகத்துக்கானது, துல்லியத்துக்கு அல்ல. எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு; 3 எம்ஓஏ புள்ளி பத்து மீட்டரில் 9 மி.மீ. அகலத்தை மறைக்கும். கிராஸ் ஹேர் மெல்லியதாகவும், கூடவே கோட்டின் மேல் சம இடைவெளியில் வரும் மில்டாட் புள்ளிகளுடனும் இருந்தால் போதும். ஆனால் மாறும் உருப்பெருக்க ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் புள்ளிகளின் இடைவெளி ஒரே ஒரு மடங்கில்தான் சரியாக இருக்கும், பொதுவாக உச்ச மடங்கில். மடங்கை மாற்றிவிட்டுப் புள்ளியை வைத்துக் குறி பார்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

5. மவுண்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்

கையில் உள்ள தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மவுண்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் ஸ்கோப் தேடுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இரு வளையங்களும் ஒரே அடித்தளத்தில் உள்ள ஒற்றைத்துண்டு மவுண்ட் வாங்குங்கள். அடியில் ஸ்டாப் பின் என்ற சிறு ஆணி இருக்க வேண்டும். துப்பாக்கி முன்னால் வெட்டும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்ப்பதால், ரெயிலில் அது பின்னோக்கி நகரும். ரெயிலின் பின் குழியில் அந்த ஆணி அமர்ந்தால் நகர்வு நிற்கும். ஆணி இல்லாமல் திருகை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் ரெயிலின் விளிம்பு நசுங்கும்.

குழாயின் விட்டம் பார்க்கவும்: 25.4 மி.மீ. அல்லது 30 மி.மீ. வளையம் அதற்குப் பொருந்த வேண்டும். உயரம், வில்லை குழலில் முட்டாத அளவுக்கு மிகத் தாழ்வாக. மடக்கும் குழல் ரகத்தில் குழலை முழுதும் மடக்கிப் பார்த்து, ஏற்றும் கைக்கு இடம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

6. பெட்டி திறந்ததும், பொருத்துவதற்கு முன்

கூரியரில் வந்தால் பெட்டியைப் பிரிப்பதைத் தொடர்ச்சியாகக் காணொளி எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிட வேண்டும். பொருத்திய தடம் விழுந்துவிட்டால் பலர் திரும்ப வாங்க மாட்டார்கள்.

காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். கடகட என்றால் திருப்பி அனுப்புங்கள். வெளிச்சத்தை நோக்கி முன்வில்லை வழியாகப் பார்த்து, உள்ளே தூசி, விரல் ரேகை, உலோகத் துகள் உண்டா என்று பாருங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் வேண்டாம், விழித்திரை பொசுங்கும்.

குறியை மேலும் கீழும் நகர்த்தும் மேல் குமிழையும், இடமும் வலமும் நகர்த்தும் பக்கக் குமிழையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எண்ணித் திருப்பி, சரிபாதியில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெரிய வேண்டும். பழைய ஸ்கோப்பை வாங்குபவர்கள் இந்த நடுப்படுத்தலைத் தவறவிட்டால், ஜீரோ பிடிக்கும்போது, அதாவது குறி வைத்த இடத்திலேயே பெல்லட் விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யும்போது, குமிழ் ஒரு கோடியில் முட்டி நிற்கும்.

7. பொருத்தும் வரிசை

துப்பாக்கியில் பெல்லட் இல்லை, விசை ஏற்றப்படவில்லை என்று உறுதி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

ரெயிலையும் வளையத்தின் உட்புறத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கவும். ஆலை எண்ணெய் இருந்தால் எந்த இறுக்கமும் நிற்காது. மவுண்டை வைத்து, ஸ்டாப் பின்னைக் குழியில் இறக்கி, பக்கத் திருகுகளை முறுக்குங்கள்.

ஸ்கோப்பை வளையத்தில் கிடத்தி, மேல்மூடிகளை லேசாக மட்டும் மூடுங்கள். மாறும் மடங்கு ஸ்கோப் என்றால் உச்ச மடங்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னம் பதிந்த பின் திறங்கள். ஓரத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையே பொதுவாக 75 முதல் 90 மி.மீ. வரும். கழுத்தை நீட்டி ஸ்கோப்பைத் தேடிப் போகக் கூடாது.

அடுத்து நேர்நிறுத்தல். கொத்தனாரின் தூக்குக்குண்டை பத்து மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். துப்பாக்கியை ரசமட்டம் பார்த்து நேராக அமர்த்தி, செங்குத்துக் கோடு நூலோடு பொருந்தும்வரை ஸ்கோப்பை உருட்டுங்கள். இது சாய்ந்திருந்தால் ஒரு தூரத்தில் நடுவில் விழும் பெல்லட் இன்னொரு தூரத்தில் பக்கவாட்டில் போகும். காற்று என்று நினைத்துக் குழம்புவார்கள்.

மூடித் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். எல்-கீயின் குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து வரும் இறுக்கமே போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் 2 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வேண்டாம். அலுமினியக் குழாய் நசுங்கினால் உள்ளே நகரும் பாகம் சிக்கும்.

கடைசியாகப் பின்வில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்து, கிராஸ் ஹேர் பளிச்சென்று தெரியும்வரை திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நொடிதான் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் பார்த்தால் கண் தானாகச் சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றும். இதை ஒருமுறை செய்தால் போதும்.

8. பாறையைப் பின்னால் வைத்துச் சுடாதீர்கள்

கிருஷ்ணகிரி மண்ணில் எங்கு திரும்பினாலும் கருங்கல். கல்சுவரும் பாறையும் பாதுகாப்பான தடுப்பு என்று தோன்றும். ஈயப் பெல்லட் அதில் பட்டுத் தெறித்து, சுட்டவர் முகத்துக்கே திரும்பும். மணல் நிரப்பிய கோணிப்பைகளை இரண்டு அடுக்காக அடுக்கி அதன் முன் அட்டையை வையுங்கள். வீட்டுக்குள் என்றால் தடித்த அட்டைப்பெட்டியில் பழந்துணியை இறுக அடைத்து, பின்னால் இரும்புத் தகடு ஒன்று. சுடுபவரும் அருகில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. விரலில் ஈயம் ஒட்டியிருக்கும்.

9. ஜீரோ பிடித்தல்

புதுத் துப்பாக்கியில் முதல் சில டஜன் குண்டுகளுக்குப் புகையும் எண்ணெய் வாடையும் வரும். உள்ளே எண்ணெய் எரிவதால் வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். அது அடங்கும்வரை குமிழைத் தொட வேண்டாம். பெல்லட்டின் எடையையும் பிராண்டையும் இப்போதே முடிவு செய்யுங்கள். டப்பா மாறினால் குறியும் மாறும். பெல்லட் போடாமல் விசையை இழுத்துப் பார்ப்பதும் கூடாது. பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை இல்லாமல் போய் முனையில் மோதும்.

ஸ்பிரிங் துப்பாக்கியை மணல்பை மேல் நேரடியாக வைக்காதீர்கள். உள்ளங்கையை மணல்பை மேல் வைத்து, துப்பாக்கியை அதில் இறுக்காமல் கிடத்துங்கள். அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைத்து வர வேண்டும். இறுக்கிப் பிடித்தால் பிடிக்கு ஏற்றபடி குறி அலையும்.

முதலில் ஐந்து மீட்டரில் பெரிய அட்டையில் ஒரு குண்டு. பெல்லட் எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும். பிறகு பத்து, பிறகு ஜீரோ தூரமான இருபது மீட்டர். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து குண்டு சுட்டு, கூட்டத்தின் நடுவை வைத்துத்தான் திருத்த வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் குமிழைத் திருப்புபவர் அன்று முழுவதும் துரத்திக்கொண்டே இருப்பார்.

கால் எம்ஓஏ குமிழில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7.3 மி.மீ., இருபதில் 1.45, பத்தில் 0.73. இருபது மீட்டரில் 30 மி.மீ. கீழே விழுந்தால் 30 ÷ 1.45, ஏறக்குறைய 21 கிளிக் மேலே. குமிழில் உள்ள அம்புக்குறி பெல்லட் போக வேண்டிய திசையைக் காட்டுகிறது. கிராஸ் ஹேர் நகரும் திசையை அல்ல. இதில் குழம்பி எதிர்ப்பக்கம் திருப்புபவர்கள் ஏராளம். திருப்பிய பின் இரண்டு குண்டைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள், மலிவுக் குமிழ் உள்ளே அமர அது தேவை.

ஸ்கோப் குழலுக்கு 45 மி.மீ. மேலே இருந்து, பெல்லட் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், இருபதில் ஜீரோ செய்த துப்பாக்கி ஐந்து மீட்டரில் இரண்டு செ.மீ.க்குச் சற்று மேலும், பத்தில் ஒரு செ.மீ.க்குள்ளும், முப்பதில் மூன்று செ.மீ. அளவிலும் கீழே அடிக்கும். அருகில் இருந்தால் மேலே அடிக்கும் என்று நினைப்பது தவறு. உங்கள் துப்பாக்கிக்கு ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து என்று சுட்டுப் பார்த்து அட்டவணை எழுதி, ஸ்கோப் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

மேல் குமிழ் கோடிக்குப் போயும் பெல்லட் கீழேயே விழுந்தால் குழல் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. மடக்கும் குழல் ரகத்தில் இது வழக்கம்தான். பின்வளையத்தில், குழாய்க்கு அடியில், குளிர்பானக் கேனிலிருந்து வெட்டிய ஒரு கீற்றை வைத்து உயர்த்துங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் வைத்தால் குழாய் வளையும். அப்போது அதற்கென்றே சாய்வு கொடுத்துச் செய்த மவுண்ட்தான் வழி.

10. குறி திடீரென்று கலைந்தால்

ஸ்கோப் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் துப்பாக்கிக் கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள். ஸ்பிரிங் ரகத்தில் பெரும்பாலும் இவைதான் தளரும். அடுத்து மவுண்டின் பக்கத் திருகு, ஸ்டாப் பின். அதற்கடுத்து வளையத் திருகு. குழாயில் வளையத்தின் ஓரமாக மெல்லிய வெள்ளைக் கோடு போட்டு வைத்தால் நழுவியது உடனே தெரியும். முதல் ஐம்பது குண்டுக்குப் பிறகு எல்லாத் திருகையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பிறகு பெல்லட் டப்பா மாறியதா, சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் துப்பாக்கி கிடந்ததா என்று யோசியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குண்டுகள் இரண்டு தனிக் கூட்டங்களாக விழுந்தால், அல்லது இருபது கிளிக் மேலே, வலது, கீழே, இடது என்று சுற்றி வந்த பிறகும் முதல் இடத்துக்குத் திரும்பாவிட்டால், ஸ்கோப்பின் உள்பாகம் தளர்ந்துவிட்டது. அதைக் கழற்றி, சாதாரணக் குறியில் பத்து குண்டு சுடுங்கள். கூட்டம் இறுகினால் பழுது ஸ்கோப்பில்தான். உத்தரவாத அட்டையை எடுங்கள்.

வில்லையைத் துடைக்கும்போது சட்டை நுனியைப் பயன்படுத்தாதீர்கள். குவாரிப் பக்கத்துக் காற்றில் வரும் கல்தூசி கண்ணாடியை விடக் கடினமானது; தேய்த்தால் மேல்பூச்சு கீறும். ரப்பர் ஊதியால் முதலில் ஊதி, மென்தூரிகையால் தட்டி, அதன் பிறகே மைக்ரோஃபைபர் துணி.